வெறும் வயிற்றோடு ஒரு கிளினிக் நாள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கிறது எங்கள் மண்டூர். அங்கிருந்து கிழக்குக் கரையான எழுவான்கரைக்குப் போக வாவியைக் கடக்க வேண்டும். அக்கரையிலுள்ள குருமண்வெளிக்கு ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப் போகிற மிதவையை நாங்கள் ‘பாதை’ என்போம். அம்மாவின் நீரிழிவுக் கிளினிக் நாள் ஒன்றின் காலையில், பாதை நடுவாவியில் போய்க்கொண்டிருந்தபோது அம்மாவுக்குச் சேலை நனைய வியர்த்தது. கை நடுங்கியது. என்னையே யாரோ போலப் பார்த்தார். நான் கிளினிக் கொப்பியால் விசிறிக்கொண்டு நின்றேன், வேறு எதுவும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற ஐயா ஒருவர், “சீனி வருத்தமா பிள்ளை? இனிப்பு ஏதாவது கொடு” என்றார். சீனி வருத்தக்காரிக்கு இனிப்பா என்று நான் தயங்க, அவரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கையிலிருந்த இனிப்புப் பானத்தை வாங்கி அம்மாவின் வாயில் வைத்துவிட்டார். கரையில் இறங்கி உட்கார்ந்து சிறிது நேரம் போன பின்புதான் அம்மா, “எங்கே நிற்கிறோம்?” என்று கேட்டார்.

நடந்தது இதுதான். “இரத்தம் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றோடு வாருங்கள்” என்று முந்திய மாதம் சொல்லியிருந்தார்கள். அம்மா சொல் தவறாதவர். ஒரு வாய்த் தேநீர்கூடக் குடிக்கவில்லை. ஆனால் காலை இன்சுலினை வழக்கம்போலப் போட்டுக்கொண்டுதான் புறப்பட்டார். அதனால்தான் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. சாப்பாடு இல்லையென்றால் ஊசியும் இல்லை, இரத்தம் கொடுத்த பிறகுதான் இரண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்குக் கேட்கவும் தெரியவில்லை.

அரச வைத்தியசாலையில் குளுசைக்கும் இன்சுலினுக்கும் ஒரு சதம் வாங்குவதில்லை. அந்த இலவசம் இல்லாவிட்டால் எங்களைப் போன்ற படுவான்கரைக் குடும்பங்கள் எப்போதோ முடிந்து போயிருக்கும். ஆனால் விடியுமுன் வந்து இலக்கத் துண்டு எடுத்துக் காத்திருக்கும் கூட்டத்தில், ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. மருந்துச் சீட்டில் இருப்பது ஆங்கிலம். அம்மாவோ மூன்றாம் வகுப்போடு நின்றவர். கடைசியில் “விளங்கியதா?” என்று கேட்பார்கள். “ஓம்” என்று அம்மா தலையாட்டுவார். பெரியவர்கள் கேட்டால் இல்லை என்று சொல்வது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம்.

அன்று கதையைக் கேட்ட தாதி ஒருவர் எங்களைப் போகவிடவில்லை. கூட்டம் குறைந்ததும் அம்மாவை வாங்கில் உட்கார வைத்தார். விளங்கியதா என்று அவர் கேட்கவே இல்லை. “அம்மா, வீட்டில் எப்படிப் போடுவீர்கள்? எனக்குச் செய்து காட்டுங்கள்” என்றார்.

அந்த ஒரு கேள்வியில் எங்கள் வண்டவாளம் முழுவதும் வெளியே வந்தது. அம்மாவுக்குக் கொடுப்பது 30/70 கலவை இன்சுலின், வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது. அடியில் வெள்ளையாகப் படிந்து நிற்கும் போத்தலை உள்ளங்கைகளுக்கு இடையில் மெதுவாக உருட்டி, பால்போல ஒரே நிறமாக்கிய பிறகே எடுக்க வேண்டும். அம்மா உருட்டுவதில்லை. தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே இடத்தில் குத்திக் குத்தி அங்கே கட்டி விழுந்திருந்தது. அந்த இடத்தில் வலிப்பதில்லையாம், அதனால் அதுவே நல்ல இடமாம்! கட்டியில் போட்டால் மருந்து சரியாக உறிஞ்சாது என்று தாதி சொன்னார். பிறகு எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. கடைக்காரர் வீட்டுப் பிரிட்ஜில், அதுவும் ஐஸ் கட்டும் மேல்தட்டில். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது என்று கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. எத்தனை மாதம் எதைக் குத்தினோமோ!

இப்போது திறக்காத போத்தல் கடைக்காரர் வீட்டில் கீழ்த்தட்டில் இருக்கிறது. திறந்தது எங்கள் வீட்டில், ஈரமணல் நிரப்பிய பெரிய சட்டிக்குள் வைத்த சின்னச் சட்டியில், நிழலில் இருக்கிறது. திறந்த தேதியைப் போத்தலில் எழுதி, நான்கு கிழமையில் மாற்றுகிறோம்.

நான் முன்பள்ளி ஆசிரியை. எழுத்துத் தெரியாத பிள்ளைகளோடு தினமும் படத்தில் பேசுகிறவளுக்கு, சொந்த அம்மாவுக்கு ஒரு படம் கீறத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அன்றிரவே ஒரு மட்டையில் கீறினேன்: சூரியன், ஊசி, அரை மணி நேரம், சாப்பாட்டுக் கோப்பை. கிளினிக் நாளுக்கு வேறு மட்டை. அதில் பாதையும், குறுக்கே கோடு போட்ட ஊசியும். வியர்த்து நடுங்கினால் மூன்று தேக்கரண்டிச் சீனி தண்ணீரில், 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்ப்பது, பிறகு சாப்பாடு. அம்மாவின் பையில் இப்போது சீனி டப்பா ஒன்று இருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தில் இன்னும் சண்டைதான். கிளினிக்கில் தந்த தாளில் ஓட்ஸும் அப்பிளும் இருந்தன. எங்கள் வீட்டில் சோறும் வாவி மீனும் முருங்கைக் கீரையும். சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்ட அம்மா சம்மதித்துவிட்டார். பனங்கட்டியும் சீனிதான் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. குரக்கன் பிட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்பது அவர் கட்சி. கிளினிக்குக்கு மூன்று நாள் முன்னால் மட்டும் விரதம்போல் இருந்து நல்ல கணக்குக் காட்டுவார். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை வெளியில் காசு கொடுத்து எடுத்தபோது அந்தக் குட்டு உடைந்தது. வீட்டில் பார்க்கும் மீட்டரின் பட்டிகளையும் காசுக்குத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அதனால் தினமும் பார்க்க எங்களால் முடிவதில்லை.

அடுத்த மாதம் கண் பரிசோதனைக்குத் தேதி தந்திருக்கிறார்கள். கண்ணில் மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்குமாம், தனியாக அனுப்ப முடியாது. முன்பள்ளியில் லீவு கேட்டிருக்கிறேன். அன்றைக்கும் ஊசி உண்டா, சாப்பாடு உண்டா என்று இந்த முறை அம்மாவே கேட்டுக்கொண்டு வந்தார்.