இரண்டு ஓட்டையா, மூன்று ஓட்டையா?

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலைத் தூறலில் முட்டுக்காடு பாலம் ஏறும்போது வலது கால் பெடலில் இருந்து வழுக்கியது. பெடலின் இரும்புப் பல் முழங்காலுக்குக் கீழே நாலு கோடு கிழித்துவிட்டது. சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு மலை என்றால் பாலம்தான். இருக்கிற ஒரே மலையிலும் இப்படி ஆனதில் வலியைவிட வெட்கம்தான் அதிகம்.

கூட வந்த நண்பர் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் காயத்தைக் கழுவியபடியே, "ரன்னிங் ஷூவைப் போட்டுக்கிட்டு எத்தனை நாள் ஓட்டுவீங்க பாஸ்? கிளீட் ஷூவுக்கு மாறுங்க" என்றார். கிளீட் என்பது ஷூவின் அடியில் போல்ட் போட்டு மாட்டுகிற சின்னத் துண்டு; அது பெடலில் பூட்டிக்கொண்டு காலைப் பிடித்து வைக்கும். எனக்கும் ரொம்ப நாளாகவே அந்த யோசனை இருந்தது. ரன்னிங் ஷூவின் அடி மெத்தென்று வளையும். 50 கிலோமீட்டர் தாண்டினால் பெடல் அழுத்துகிற இடத்தில் பாதம் மரத்துப்போகும். திருவான்மியூரில் இருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால் 90 கிலோமீட்டர் பக்கம் வரும். கடைசி 20-இல் இது என் கால்தானா என்றே சந்தேகம் வந்துவிடும்.

நண்பரிடம் பழைய ஷிமானோ எம்520 பெடல் ஒரு ஜோடி சும்மா கிடந்தது. எஸ்பிடி என்று சொல்கிற, இரண்டு பக்கமும் கிளீட்டைப் பிடிக்கிற வகை. அதை வாங்கிக்கொண்டேன். பெடல் ஆயிற்று, இனி ஷூ ஒன்றுதானே, இரண்டு நாளில் வந்துவிடும் என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஆனது.

முதல் தப்பு அன்று இரவே நடந்தது. ஒரு ஆன்லைன் கடையில் தேடினேன். 'எஸ்பிடி பெடலுக்குப் பொருந்தும்' என்று தலைப்பிலேயே போட்டிருந்தது. செருப்பானாலும் ஷூவானாலும் காலம் காலமாக என் நம்பர் 8. அந்தப் பக்கத்தில் இருந்த அட்டவணை 8 என்றால் 42 என்றது. 42-ஐ ஆர்டர் செய்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

பெட்டி வந்ததும் ஷூவைத் திருப்பி அடியைப் பார்த்தேன். முக்கோணமாக மூன்று ஓட்டைகள். என் பெடலுக்கான கிளீட்டுக்கோ இரண்டு போல்ட்தான். தலைப்பை மறுபடி படித்தேன். படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். அடிப்பாகத்தின் படம் ஆறாவதாக இருந்தது. நான் மூன்றோடு நிறுத்தியிருக்கிறேன்.

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்பதை நண்பர் அப்புறம் விளக்கினார். மூன்று போல்ட் வகைதான் மூத்தது. லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் பனிச்சறுக்கு ஷூவைப் பிடித்து வைக்கிற உத்தியைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்து 1984-இல் வெளியிட்டது. அடுத்த வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தார். ஷிமானோ 1990-இல் மலைச் சைக்கிளுக்காகக் கொண்டுவந்த சின்ன இரும்புக் கிளீட்தான் இரண்டு போல்ட் எஸ்பிடி. பிறகு அதே நிறுவனம் ரோடு சைக்கிளுக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் கிளீட்டைப் போட்டு, அதற்கு எஸ்பிடி-எஸ்எல் என்று பெயர் வைத்தது. அதற்கு மூன்று போல்ட். இரண்டு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் ஒன்றின் கிளீட் இன்னொன்றின் பெடலில் உட்காரவே உட்காராது. போதாக்குறைக்கு, காலைப் பூட்டி வைக்கிற இந்தப் பெடல்களுக்கு ஆங்கிலத்தில் 'கிளிப்லெஸ்' என்று பெயர். பழைய காலத்துக் கம்பிக் கூண்டும் வாரும் இல்லை என்பதால் அப்படியாம். பெயர் வைத்தவர் புதிதாக வாங்குகிறவர்களை நினைத்துப் பார்க்கவே இல்லை.

இரண்டு ஓட்டையா மூன்றா என்பதில் எனக்குப் பெரிய யோசனை தேவைப்படவில்லை. பிளாஸ்டிக் கிளீட் ஷூவின் அடியில் இருந்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் வாத்து நடைதான், நடக்க நடக்கக் கிளீட்டும் தேயும். இரும்புக் கிளீட் ரப்பர் அடிக்குள் பள்ளத்தில் பதிந்திருக்கும். நான் ஓட்டுகிற ஓட்டத்தில் பாதி நேரம் டீக்கடை வாசலில் நிற்பது. எனக்கு இரண்டு ஓட்டைதான். பந்தயம் ஓட்டுகிறவர்கள் கணக்கு வேறு.

ஓட்டையை விட்டாலும் அந்த ஷூ சேரவில்லை. சுண்டுவிரல் பக்கம் நெருக்கியது, பெருவிரல் நுனி முட்டியது. திருப்பி அனுப்ப 7 நாள் அவகாசம். எடுக்க வந்த தம்பி அடிப்பாகத்தை நான்கு பக்கமும் போட்டோ எடுத்த பிறகுதான் வாங்கிக்கொண்டார். நல்லவேளை, வீட்டுக்குள் பாயின் மேல்தான் போட்டு நடந்திருந்தேன். கிளீட் மாட்டிப் பார்த்திருந்தால் கதை கந்தல். கிளீட்டின் அடியில் இருக்கிற பற்கள் ஷூவின் அடியைக் கடித்துத் தடம் பதித்துவிடும், அப்புறம் யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள். கால் சேருகிறதா என்று முடிவாகும்வரை போல்ட்டைத் தொடக்கூடாது.

பணம் திரும்பி வர ஒன்பது நாள் ஆனது. அதற்குள் காலை ஒழுங்காக அளந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சாயங்காலம் அளப்பது நல்லது. நாளெல்லாம் நின்று நடந்த கால் மாலையில் கொஞ்சம் உப்பியிருக்கும், சென்னை வெயிலில் இன்னும் அதிகம். வண்டி ஓட்டும்போது போடுகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு, சுவரோடு ஒரு ஏ4 தாளை ஒட்டி வைத்து, குதிகால் சுவரில் படும்படி முழு எடையையும் ஊன்றி நிற்க வேண்டும். குனிந்து நாமே கோடு போட்டால் எடை சாய்ந்துவிடும். அதனால் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"செருப்பு வாங்கவாடா இவ்வளவு? கல்யாணத்துக்குக்கூட நீ இப்படி அளவு குடுக்கலையே" என்று முனகிக்கொண்டே பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு போட்டாள்.

வலது 26.3 சென்டிமீட்டர், இடது 26.7. பெரிய காலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஷிமானோ அட்டவணையில் 42 என்பது 26.5 சென்டிமீட்டர் காலுக்கு, 43 என்பது 27.2-க்கு. ஆக, நான் 43. அப்படியென்றால் 8 என்றால் 42 என்ற அட்டவணை பொய்யா? பொய் என்று சொல்ல முடியாது. ஐரோப்பிய எண்ணில் ஒரு படி என்பது சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, கிட்டத்தட்ட 6.7 மில்லிமீட்டர். நாம் பழகிய இங்கிலாந்து எண்ணில் ஒரு படி அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8.5 மில்லிமீட்டர் பக்கம். இரண்டு ஏணிகளை அருகருகே நிறுத்தினால் படிகள் நேராக வராது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு மேலேயோ கீழேயோ தள்ளிக்கொள்கிறது. இப்போதெல்லாம் நான் சென்டிமீட்டரைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

அகலம்தான் நிஜமான சிக்கல். சின்ன வயதில் வெறுங்காலிலும் செருப்பிலும் திரிந்த கால், விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கும். ஒரு சைஸ் கூட்டி வாங்கினால் அகலமும் வந்துவிடுமே என்று தோன்றியது. நண்பர் தன் 44-ஐக் கொண்டுவந்து கொடுத்தார். "வாங்கறதுக்கு முன்னாடி இதைப் போட்டுட்டு ஒரு நிமிஷம் சுவத்தைப் பிடிச்சு மிதிங்க."

சைக்கிளை வராண்டாவில் நிறுத்தி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினேன். விரலுக்கு இடம் தாராளம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் குதிகால் மேலே எழும்பி வந்தது. இன்னொரு கோளாறு எனக்குத் தோன்றாதது. நீளமான ஷூவில் கிளீட் மாட்டுகிற பள்ளமும் முன்னால் போய்விடும். கிளீட் பாதத்தின் பந்துக்கு, அதாவது விரல்களுக்குப் பின்னால் பருத்திருக்கிற இடத்துக்கு, அடியில் வராமல் விரல் பக்கம் தள்ளி நிற்கும். அகலம் வேண்டுமானால் அகல வகையைத்தான் தேட வேண்டும், நீளத்தைக் கூட்டிச் சமாளிக்க முடியாது.

அகல வகை 43 நான் தேடிய இரண்டு கடையிலும் தீர்ந்துபோயிருந்தது. வந்தால் தெரிவிக்கச் சொல்லிப் பதிவு செய்துவிட்டு இரண்டு வாரம் காத்திருந்தேன். வந்த அன்று ஏழாயிரத்துச் சொச்சம் கட்டி ஆர்டர் செய்தேன், இந்த முறை கடைசிப் படம் வரை பார்த்துவிட்டு.

வந்ததும் முதலில் உள்ளே இருக்கிற இன்சோலை உருவி எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றேன். விரல் எதுவும் ஓரத்தைத் தாண்டி வழியவில்லை. அதன் பிறகு மாலையில் அரை மணி நேரம் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். விரல்களை அசைக்க முடிந்தது, குதிகால் நகரவில்லை. சரி.

கிளீட் தனியாக வாங்க வேண்டியிருந்தது. புதுப் பெடல் வாங்கினால் பெட்டியிலேயே வரும், என்னுடையது பழசு. ஷிமானோவில் எஸ்எச்51, எஸ்எச்56 என்று இரண்டு உண்டு. முதலாவதில் குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் கால் விடுபடும். இரண்டாவது பதற்றத்தில் மேல்நோக்கி இழுத்தாலும் விட்டுவிடும். புதியவன் நான், 56 வாங்கினேன். வேளச்சேரியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் சைக்கிளில் ஏற்கெனவே இருந்த பெடலைக் கழற்றும்போது, "இடது பக்கத்துக்கு மரை உல்டா சார், வீட்ல நீங்களா முறுக்கினா கிராங்க் காலி" என்று சொல்லிக்கொண்டே 15 ஸ்பேனரைப் போட்டார்.

கிளீட்டை நானே மாட்டினேன். பெருவிரலின் அடி எலும்பும் சுண்டுவிரலின் அடி எலும்பும் ஷூவுக்கு வெளியே எங்கே வருகின்றன என்று தடவிப் பார்த்து, டேப் ஒட்டிப் பேனாவால் குறித்துக்கொண்டேன். இரண்டுக்கும் நடுவில் பெடலின் அச்சு வருகிற மாதிரி வைத்தேன். மேஜை ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் பாதம் எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதுவே கிளீட்டின் கோணம். என் வலது பாதம் கொஞ்சம் வெளியே பார்க்கும். போல்ட்டில் கிரீஸ் தடவி 4 எம்எம் ஆலன் கீயால் இறுக்கினேன். 5, 6 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்க வேண்டும் என்று கணக்கு; அளக்கிற ஸ்பேனர் என்னிடம் இல்லை, கைக்கணக்குதான். அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

போல்ட் எல்லாம் பொருந்தியும் இடது கால் 'டக்' என்று பூட்டவில்லை. ஷூவின் தடித்த ரப்பர் பல் பெடல் உடம்பில் முட்டிக்கொண்டு கிளீட்டை உள்ளே போகவிடவில்லை. எந்த அட்டவணையிலும் இது இருக்காது. ரப்பரை ஓரத்தில் 2 மில்லிமீட்டர் அளவுக்குக் கட்டரால் சீவினேன், பூட்டியது. பெடலின் ஸ்பிரிங்கை 3 எம்எம் கீயால் கடைசி வரை தளர்த்தி வைத்தேன்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐம்பது தடவை பூட்டித் திறந்து பழகினேன். இருந்தும் முதல் ஞாயிறே அக்கரை என்ற இடத்தில் ஒரு டீக்கடை வாசலில் நிறுத்தி, காலை எடுக்க மறந்து, நின்ற இடத்திலேயே மரம் மாதிரி சாய்ந்தேன். மாஸ்டர் ஓடிவந்து சைக்கிளைத் தூக்கினார், அப்புறம் என்னை.

மூன்று வாரம் கழித்துக் கோவளத்தில் இருந்து திரும்பும்போது வலது குதிகாலைத் திருப்பினேன், கால் வரவில்லை. ஷூ திரும்பியது, கிளீட் அசையவில்லை. ஒரு போல்ட் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, இன்னொன்றும் லூஸ். என் கைக்கணக்கின் பலன். இடது காலைப் பத்து கிலோமீட்டர் முன்கூட்டியே விடுவித்துக்கொண்டு, மெதுவாக அதே டீக்கடை வரை வந்து, இடது காலை ஊன்றி நின்றேன். வலது ஷூவின் பட்டையைத் தளர்த்திக் காலை மட்டும் உருவினேன். ஷூ பெடலிலேயே தொங்கியது. ஒற்றைச் சாக்ஸோடு நின்று டீ வாங்கினேன்.

மாஸ்டர் ஷூவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்னைக்கு நீங்களே விழுந்தீங்க. இன்னைக்கு ஷூ மட்டும் தொங்குது. பரவால்ல சார்."