செபியாவும் கொஞ்சம் இருட்டும்

தனுஷ்கோடியில் மேகம் மூடிய ஒரு காலையில், 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தை எடுத்த படத்துக்கு வீட்டில் வந்து செபியா (பழைய படங்களில் வரும் பழுப்பு நிறம்) போட்டேன். பழைய கல்யாண ஆல்பம் மாதிரி ஆகிவிட்டது! தப்பு நிறத்தில் இல்லை, வெளிச்சத்தில்.

ஃபிலிம் படங்களை இருட்டறையில் பிரிண்ட் போட்ட காலத்தில் செபியா என்றால் சாயம் பூசுவது இல்லை. பிரிண்டில் இருக்கும் வெள்ளியை முதலில் வெளுக்க வைத்து, அப்புறம் சோடியம் சல்பைடு கரைசலில் போட்டு (அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்) வெள்ளி சல்பைடாக மாற்றுவார்கள், அதில் படம் கொஞ்சம் வெளிறும் என்பதால் பிரிண்டையே சற்று அடர்த்தியாகப் போட்டுக்கொள்வார்கள். நானும் அதையே கணினியில் செய்தேன். முதலில் கறுப்பு வெள்ளை. பிறகு எக்ஸ்போஷரை (படத்தின் மொத்த வெளிச்சம்; அதை ஸ்டாப் கணக்கில் அளப்பார்கள்) அரை ஸ்டாப் இறக்கி, ஈர மணலின் பளபளப்பை மட்டும் பிரஷ்ஷால் தூக்கிவிட்டேன். செபியா கடைசியில்தான், அதுவும் சாச்சுரேஷன் (நிறத்தின் அழுத்தம்) 10ஐத் தாண்டாமல். நிழல்களை அப்படியே கறுப்பாக விட்டேன். ஜன்னல் ஓட்டைக்குள்ளும் பழுப்பு ஏறினால் படம் டீக்கறை பட்ட காகிதம்தான்.

அப்புறம், இதையெல்லாம் திரையின் பிரைட்னஸை முழுசாக ஏற்றிவைத்துக்கொண்டு செய்யாதீர்கள். முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன், பிரிண்ட் கரி மாதிரி வந்தது.