கட்டிப்போட்ட இடத்தில்

டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு எது பெரிய பாடு என்று கேட்டால் பலரும் ஊசியைத்தான் நினைப்பார்கள். ஊசி பழகிவிடும். தாகம் பழகாது. சிறுநீர் ஏறக்குறைய நின்றுபோன எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் அனுமதி. கட்டன் சாயா, கஞ்சித் தண்ணீர், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அதில் அடக்கம். மீறிக் குடித்தால் காலில் நீர் கோர்க்கும், நெஞ்சில் ஏறி மூச்சு முட்டும். மெஷின் நான்கு மணி நேரத்துக்குள் அதை உறிஞ்சி எடுக்கும்போது கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்.

தண்ணீரோடு வேறு பலவும் போயின. மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு, மட்டிப்பழம், ஏத்தங்காய், இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியம். ரத்தத்தில் அது 5க்கு மேல் ஏற ஏற இதயத்துக்கு ஆபத்து. குமரி மாவட்டத்துக்காரன் ஒருவனிடம் இவ்வளவையும் ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால், தான் எந்த ஊர்க்காரன் என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிடும்.

தொழிலும் போயிற்று. குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. விடிவதற்கு முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். வெயில் ஏறிவிட்டால் பால் சரியாக வடியாது. பட்டையில் கத்தி இறங்க வேண்டிய ஆழம் கைக்குத் தெரியும். கொஞ்சம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் இல்லை. இன்று அந்த மரங்களை வேறொருவர் வெட்டுகிறார். என் இடது கையில் ஃபிஸ்டுலா இருக்கிறது, டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்தது. அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, பிரஷர்கூடப் பார்க்கக்கூடாது. ஊரில் என்னைப் ‘பால்வெட்டுக்காரர்’ என்று சொன்னவர்கள் இப்போது ‘அந்த கிட்னி ஆளு’ என்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை, அடையாளத்துக்குச் சொல்கிறார்கள். அடையாளம் மாறிப்போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பார்க்க வந்தவர்கள் பல விளக்கம் வைத்திருந்தார்கள். ஆண்டவர் சோதிக்கிறார் என்றார் ஒருவர். குடும்பத்தில் ஏதோ பாவம் என்றார் இன்னொருவர். விசுவாசத்தோடு ஜெபித்தால் மெஷினே வேண்டாம் என்று சொல்லிப் போனவர்களும் உண்டு. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். அந்தப் பேச்சைக் கேட்டு டயாலிசிஸை நிறுத்தினால் நாள்கணக்கில் உயிர் போகும். பல வருடம் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குப் பாவக்கணக்கு எதற்கு? பைபிளில் துன்பப்பட்ட யோபுவின் நண்பர்களும் இப்படித்தான் விளக்கம் சொன்னார்கள். அவர்கள் பேசியது சரியல்ல என்று கடைசியில் கடவுளே சொன்னார்.

நாகர்கோவிலில் டயாலிசிஸ் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, தக்கலைக்கு முன்னால் புலியூர்க்குறிச்சி வரும். உதயகிரிக் கோட்டை இருக்கும் இடம். அங்கேதான் முட்டிடிச்சான் பாறை. விலங்கிட்டு இழுத்துச் செல்லப்பட்ட புனித தேவசகாயம் தாகத்தில் துவண்டு, கை முட்டால் பாறையில் இடித்தபோது தண்ணீர் சுரந்தது என்பது நம் மக்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. சின்ன வயதில் அதை அற்புதமாக மட்டும் கேட்டேன். இப்போது அந்த நாக்கின் வறட்சி எனக்குத் தெரியும்.

தேவசகாயம் 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர், திருவிதாங்கூர் அரண்மனைப் பணியில் இருந்தவர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749இல் சிறை. பதவி போயிற்று, சாதி மதிப்பு போயிற்று. எருமைமேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தபோது எங்கள் பங்கில் வெடி போட்டுக் கொண்டாடினோம்.

துப்பாக்கிச் சூடு ஒரு நொடி. அதற்கு முன்னே கிடந்த ஏறத்தாழ மூன்று வருடத்தைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். என்னைப்போல முடிவு தெரியாமல் நாளைக் கடத்துகிறவர்களுக்கு அந்த மூன்று வருடம்தான் வேண்டும். பாறையில் தண்ணீர் வந்தது, ஆனால் விலங்கு கழலவில்லை. பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் அவரை மாதக்கணக்கில் கட்டிப்போட்டிருந்தார்கள் என்றும், அங்கேயே ஜனங்கள் ஆறுதலுக்கும் ஜெபத்துக்கும் தேடி வந்தார்கள் என்றும் சொல்வார்கள். எங்கும் போக முடியாத ஆளிடம் மற்றவர்கள் வந்தார்கள்! அரண்மனைக் கணக்கு பார்த்த நாளைவிட அந்த மரத்தடியில் அவர் பலருக்குப் பயன்பட்டிருக்கிறார். இதை நினைத்து நினைத்துத்தான் நான் எழுந்து உட்கார்ந்தேன்.

நானும் வாரத்தில் சில மணி நேரம் கட்டிப்போடப்பட்டவன்தானே. ரத்தம் குழாயில் சுற்றிவரும்போது பைபிளில் எசாயா 43ஐ வாய்க்குள் சொல்வேன்: “உன் பெயரைச் சொல்லி உன்னை அழைத்தேன், நீ எனக்கு உரியவன்.” நாடு இழந்து பாபிலோனில் கிடந்த மக்களுக்குச் சொன்ன வார்த்தை. அடுத்த வசனத்தைக் கவனியுங்கள். வெள்ளமும் நெருப்பும் வராது என்று அதில் இல்லை. அவற்றின் நடுவே நீ போகும்போது கூட இருப்பேன் என்றே இருக்கிறது. என் பெயரைக் கூப்பிட்டவருக்கு என் கத்தியும் தெரியும், என் ஃபிஸ்டுலாவும் தெரியும்.

போன மாதம் பக்கத்துப் படுக்கைக்குப் புதிதாக ஒரு பையன் வந்தான். ஐடிஐ படிக்கிறவன். கையில் ஃபிஸ்டுலா வைத்து ஆறட்டும் என்று விட்டிருந்தார்கள். அதுவரை கழுத்துக் குழாய் வழியாக டயாலிசிஸ். அந்தக் கையை அவன் தொடவே பயந்தான். என் கையை நீட்டி, அவன் விரலை எடுத்துத் தழும்பின்மேல் வைத்தேன். தேனீப்பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தால் தெரியுமே, அந்த அதிர்வு.

“அண்ணே, இது நிக்கவே நிக்காதா?”

“நிக்கக் கூடாது மக்கா. தினமும் காலையில தொட்டுப் பாரு. துடிப்பு இல்லன்னா ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிரணும்.”

அவன் தன் கையை எடுத்துத் தானே தொட்டுப் பார்த்தான். அழுதான். அன்றைய நான்கு மணி நேரம் எனக்கு நீளமாகவே தெரியவில்லை.

அவன் அம்மா நேற்று போன் செய்தார். பையன் மரச்சீனி கேட்டு அடம்பிடிக்கிறானாம். டாக்டரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்றேன். அவர் சம்மதித்தால் சின்னத் துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் புதுத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். பொட்டாசியம் ஓரளவு இறங்கும். அப்படியும் நாலு துண்டுக்கு மேல் கூடாது. உப்பு தாகத்தைக் கிளப்பும், அதனால் கூட்டிச் சாப்பிடக் கருவாடு வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.