மீன் பெயரிலிருந்து அது முதலில் அச்சான பக்கத்துக்கு

கொளத்தூரில் வண்ணமீன் வாங்குகிறவர்களுக்கு 'அருலியஸ் பார்ப்' தெரிந்திருக்கும். முதுகுத் துடுப்பிலிருந்து மெல்லிய இழைகள் நீண்டிருக்கும் கெண்டை. அசல் அருலியஸ் காவிரி மீன். ஆனால் அதே பெயரில் தாமிரபரணி மீன் ஒன்றும் வியாபாரத்தில் வருவதுண்டு. இரண்டும் நெருங்கிய உறவு, ஆனாலும் வேறு வேறு இனங்கள். எது எது என்று தெரிந்துகொள்ளப் புறப்பட்டவன், நம் பக்கத்து நன்னீர் மீன்களின் பெயர்களை விக்கித்தரவில் (விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான திறந்த தரவுத்தளம்) அவற்றின் முதல் விவரணைப் பக்கத்தோடு, அதாவது அந்த மீனுக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்து விவரித்த பக்கத்தோடு, இணைக்கும் வேலையில் வந்து நிற்கிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக நான் செய்த முறையை எழுதிவைக்கிறேன்.

ஃபிஷ்பேஸ் போன்ற மீன் தரவுத்தளத்தில் அருலியஸைத் தேடினால் 'டாக்கின்சியா அருலியஸ்', பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஜெர்டான், 1849' என்று வரும். ஜெர்டான் மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர். இந்த மீனுக்குப் பெயர் வைத்து அவர் எழுதிய கட்டுரை வந்தது 'மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்' இதழில். மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி 1833 முதல் நடத்திய இதழ் அது. அந்தச் சங்கம் இன்றும் கல்லூரிச் சாலை டி.பி.ஐ. வளாகத்தில் இருக்கிறது. இதழின் பழைய தொகுதிகளை பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி, சுருக்கமாக பி.எச்.எல்., ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறது. பெயர் ஓரிடத்தில், பக்கம் ஓரிடத்தில். நடுவில் பாலம் போட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் எல்லோரும் செய்வது, இன்றைய பெயரை அப்படியே பி.எச்.எல். தேடலில் போடுவது. பழைய பக்கம் எதுவும் வராது. டாக்கின்சியா என்ற பேரினமே, அதாவது பெயரின் முதல் சொல் குறிக்கும் இனத்தொகுப்பே, 2012இல்தான் உருவாக்கப்பட்டது. 1849இல் அச்சான தாளில் அது எப்படி இருக்கும்? ஆசிரியர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருந்தால், இனம் முதலில் வேறொரு பேரினத்தில் வைக்கப்பட்டது என்று பொருள். அந்த முதல் பெயரைத் தெரிந்துகொள்ள கலிஃபோர்னியா அகாதெமி ஆஃப் சயின்ஸஸ் நடத்தும் எஷ்மெயர் மீன் பட்டியலைப் போன்ற துணை வேறில்லை. முதல் பெயர், ஆசிரியர், ஆண்டு, பக்கம், மாதிரி கிடைத்த இடம் எல்லாம் அதில் உண்டு. ஜெர்டான் வைத்த பெயர் 'சிஸ்டோமஸ் அருலியஸ்'. அது இருப்பது அவர் கட்டுரையின் இரண்டாம் பகுதியில், இதழின் 15ஆம் தொகுதியில் 302 முதல் 346 வரையிலான பக்கங்களில்.

சரி, பழைய பெயரைப் போட்டால் நேராக வந்துவிடுமா? எல்லா நேரமும் வராது. பி.எச்.எல். ஒவ்வொரு பக்கத்தையும் ஓ.சி.ஆர். (படத்தில் உள்ள எழுத்தைக் கணினியே படிக்கும் முறை) மூலம் எழுத்தாக்கி, அதிலிருந்து அறிவியல் பெயர்களை மென்பொருளை வைத்துப் பொறுக்குகிறது. மங்கிய அச்சில், அதுவும் சாய்வெழுத்தில், 'எம்' என்ற ஒரே எழுத்து 'ஆர்', 'என்' என இரண்டாக உடையும். சொல் வரிக்கடைசியில் முறிந்திருந்தால் பாதிப் பெயர்தான் மென்பொருளுக்குத் தெரியும். ஆகவே நான் பெயரை நம்பித் தேடுவதை விட்டுவிட்டேன். தொகுதியைத் திறந்து, பக்க எண்ணுக்குப் போய், கண்ணால் படித்துவிடுகிறேன். மெதுவான வழிதான், ஆனால் உறுதியான வழி. தேடலில் பெயர் சிக்கினாலும் அது முதல் விவரணையாக இருக்க வேண்டும் என்பதில்லை. பிறகு வந்தவர்கள் அதே மீனைப் பற்றி எழுதிய பக்கங்களும் சேர்ந்தே வரும். கணினி முதலில் காட்டியதை ஒட்டிவிட்டுப் போவது இணைப்பே இல்லாததைவிட மோசம், ஏனென்றால் அடுத்து வருபவர் அதைச் சரிபார்க்கப்பட்டது என்று நினைத்துக்கொள்வார்.

பக்கம் கிடைத்ததும் எடுக்க வேண்டியது தாளில் அச்சான எண் அல்ல. பி.எச்.எல். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி அடையாள எண் தருகிறது. முகவரியில் 'பேஜ்' என்ற சொல்லுக்குப் பின்னால் வருவது. ஒரே தொகுதியை இரண்டு நூலகங்கள் ஸ்கேன் செய்திருந்தால் ஒரே பக்கத்துக்கு இரண்டு அடையாள எண்கள் இருக்கும். எந்தப் பிரதியில் எழுத்து தெளிவாக இருக்கிறதோ, படத்தாள்கள் முழுதாக இருக்கின்றனவோ அதை எடுத்துக்கொள்கிறேன். விக்கித்தரவில் இந்த எண்ணைப் போடுவதற்கென்றே பி687 என்ற பண்பு, அதாவது தகவல் கட்டம், இருக்கிறது. இனத்தின் பெயருக்கு ஆதாரம் சேர்க்கும் இடத்தில் இதழ், தொகுதி, பக்கம், இந்த எண் எல்லாவற்றையும் போட்டு, 'முதல் விவரணை' என்ற குறிப்பையும் சேர்த்தால் ஓர் இனம் முடிந்தது.

நேரத்தை அதிகம் விழுங்குவது ஆண்டு. மதராஸ் மருத்துவப் பணியில் இருந்த ஃபிரான்சிஸ் டே எழுதிய 'தி ஃபிஷஸ் ஆஃப் இந்தியா' 1875 முதல் 1878 வரை நான்கு பகுதிகளாக வந்தது. 168ஆம் பக்கம் வரை 1875, 368 வரை 1876, 552 வரை 1877, மிச்சம் 1878. பின்னால் ஒன்றாகக் கட்டிய பிரதியின் முகப்பை மட்டும் பார்த்து எல்லா இனத்துக்கும் ஒரே ஆண்டைப் போட்டுவிடக் கூடாது. ஒரே மீனுக்கு இருவர் பெயர் வைத்திருந்தால் பொதுவாக முந்தியதுதான் நிற்கும் என்பதால் ஒரு வருட வித்தியாசம்கூடப் பெரிய விஷயம்.

அந்தத் தாமிரபரணி மீனிலும் இதே சிக்கல்தான். அதை அருலியஸின் கிளையினமாக முதலில் விவரித்தவர் ஈ. ஜி. சைலஸ். கட்டுரை 'ரெக்கார்ட்ஸ் ஆஃப் தி இண்டியன் மியூசியம்' 51ஆம் தொகுதியில் இருக்கிறது. தொகுதி 1953க்கு உரியது, வெளிவந்தது 1954இல். அதனால்தான் தரவுத்தளங்களில் 'டாக்கின்சியா தாம்பிரபரணியை' என்ற பெயரோடு 1954 நிற்கிறது. எனக்குக் கிடைத்த பிரதி பி.டி.எஃப். கோப்பு, அதில் பக்கத்துக்குத் தனி அடையாள எண் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் கட்டுரையைச் சுட்டிவிட்டு, பக்க எண்ணைத் தனியாகப் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்புறம் ஒன்று. ஸ்கேனில் பக்கம் விடுபட்டிருந்தாலோ, ஒரு கட்டுரை தனிக் கட்டுரையாகக் குறிக்கப்படாமல் தொகுதிக்குள் புதைந்து கிடந்தாலோ பி.எச்.எல். தளத்தில் இருக்கும் கருத்துப் படிவத்தில் எழுதிப்போடுங்கள். கட்டுரை தனியாகக் குறிக்கப்பட்டால் அதற்கு டி.ஓ.ஐ. (கட்டுரைக்கு இணையத்தில் தரப்படும் நிலையான அடையாள எண்) கிடைக்கவும் வழி பிறக்கிறது. அதன் பிறகு புதிய ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலிலிருந்தே ஜெர்டானுக்கு நேராக வந்துவிடலாம்.

ஜெர்டான் பெயர் வைத்த கெண்டைகளை இப்போது ஒவ்வொன்றாகச் சேர்த்துவருகிறேன். அவை முடிந்ததும் அடுத்தது, ஜெர்டான் பெயர் வைக்காத டாக்கின்சியா ஃபிலமென்டோசா. அதன் முதல் விவரணை 1844இல் குவியே, வாலன்சியென் என்ற இருவரின் மீன் நூல்வரிசையின் 17ஆம் தொகுதியில், பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. பக்கத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மொழி தேவைப்படாது. ஆனால் மாதிரி மீன் எங்கே பிடிபட்டது, யார் அனுப்பினார்கள் என்பதைப் படித்துச் சொல்ல பிரெஞ்சு தெரிந்தவர் ஒருவர் வேண்டும். சென்னையிலோ புதுச்சேரியிலோ யாராவது முன்வந்தால் சேர்ந்தே செய்யலாம்.