நூறு சதவீதத் தேர்ச்சியும் எட்டு மார்க் பிள்ளையும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் தலைமை ஆசிரியரிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை பர்சன்டேஜ்?" மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-ல் நிறுத்தியது நல்ல காரியம். தேர்ச்சி சதவீதம் மட்டும் போகவில்லை. மாவட்டம், பள்ளி, பாடம் என்று அலசுகிறார்கள். குறைந்த பாடத்தின் ஆசிரியர் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து காரணம் சொல்லியாக வேண்டும்.

சின்னப் பள்ளிக்குத்தான் அடி அதிகம். இருபது பேரில் ஒருவன் தவறினால் 95 ஆகிவிடும். இருநூறு பேர் எழுதும் பள்ளியில் அதே ஒருவனால் அரை சதவீதம்தான் குறையும்.

கணிதத்தைப் பாருங்கள். நூறு மார்க் தாளில் 35 எடுத்தால் தேர்ச்சி. ஒரு மார்க் வினாக்கள் 14. கடைசியில் செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8. அந்தப் பதினாறோடு ஒரு மார்க்கில் பத்து கிடைத்தால் 26. மீதி ஒன்பதை இரண்டு மார்க், ஐந்து மார்க் கணக்குகளில் தேற்றிவிடலாம். எனவே அரையாண்டு முடிந்ததும் மெல்லக் கற்போருக்கு மாலை வகுப்பு, ஸ்லிப் டெஸ்ட், திரும்பத் திரும்ப இதே பகுதிகள்.

பிள்ளை வரைபடத் தாளை எடுத்ததும் x-க்கு −4 முதல் 4 வரை அட்டவணை போடுகிறான், y அச்சில் 1 செ.மீ. = 2 அலகு என்று எழுதுகிறான். இரண்டும் மனப்பாடம். கணக்கு x² − 9x + 20 = 0 என்று வந்தால்? x = −4-ல் y 72; அதைக் குறிக்க 36 செ.மீ. உயரம் வேண்டும், தாளில் அவ்வளவு இடமில்லை. மூலங்கள் 4, 5. அட்டவணை 4-லேயே முடிவதால் 5 கண்ணிலேயே படாது. பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறான். சோம்பேறித்தனம் இல்லை அது. அட்டவணை எதற்கு என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கவனமெல்லாம் 25-க்கும் 34-க்கும் நடுவில் நிற்பவர்கள் மேல். எழுபது எடுப்பவளும் அதே ஸ்லிப் டெஸ்ட்டை எழுதிச் சலித்துப்போகிறாள். மொத்தமே எட்டு மார்க் எடுக்கும் பிள்ளையின் பாடுதான் கொடுமை. ஒன்பதாம் வகுப்பிலேயே "தனித்தேர்வராக எழுதட்டுமே" என்று பெற்றோரிடம் சொல்லும் பள்ளிகளும் உண்டு. அதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

ஜூனிலேயே பின்னம், குறை எண்கள், பெருக்கல் மூன்றிலும் இருபது மார்க்குக்கு ஒரு சின்னத் தேர்வு வைக்க வேண்டும். அதே தேர்வைக் காலாண்டிலும் அரையாண்டிலும் வைத்து, ஒவ்வொருவர் மார்க்கையும் முந்தையதோடு பக்கத்தில் எழுத வேண்டும். நான்கிலிருந்து பதினான்குக்கு வந்தவன் சதவீதக் கணக்கில் எங்கும் தெரியமாட்டான். இந்தத் தாளில் தெரிவான். ஆய்வுக் கூட்டத்துக்கு இந்தத் தாளையும் வருகைப் பதிவேட்டையும் கொண்டுபோக வேண்டும். மாலை வகுப்பு தொடங்கிய வாரத்திலிருந்து யார் யார் பள்ளிக்கே வருவதில்லை என்பதைப் பதிவேடு காட்டிவிடும்.