நூறு கட்டம் போட்ட அட்டை

எங்கள் தெருமுனையில் ராத்திரி டிபன் கடை போடுகிற அக்கா போன வாரம் என்னிடம் ஒரு அட்டையை நீட்டி, "தம்பி, இதுல எத்தனை நாள் பாக்கின்னு பாத்துச் சொல்லு, கண்ணு சரியா தெரியல" என்றார். உள்ளங்கை அளவு மஞ்சள் அட்டை. மேலே பிள்ளையார் படம், கீழே பத்துக்குப் பத்தாக நூறு கட்டம், கட்டிய நாளுக்கெல்லாம் நீலப் பேனாவில் ஒரு கிறுக்கல் கையெழுத்து. எண்ணெய் பட்டு ஓரமெல்லாம் ஊறிப்போயிருந்தது. எண்ணிப் பார்த்தேன், 63 கட்டம் நிரம்பியிருந்தது, 37 பாக்கி. சொன்னதும் சரி என்று தலையாட்டிவிட்டு, சுருக்குப் பையிலிருந்து இன்னும் இரண்டு அட்டைகளை எடுத்து நீட்டினார்.

வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு இது என்ன என்று சொல்லவே வேண்டாம். தண்டல். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்தாயிரம் கடன் என்று பேச்சு, ஆனால் கையில் வருவது 8,500தான், வட்டியை முதலிலேயே கழித்துக்கொள்வார்கள். அப்புறம் தினமும் நூறு ரூபாய், நூறு நாள். சாயங்காலம் பைக்கில் ஒரு பையன் வருவான், வண்டியை விட்டு இறங்கக்கூட மாட்டான், நூறை வாங்கிக்கொண்டு அட்டையில் கிறுக்கிவிட்டுப் போய்விடுவான். அக்காவின் முதல் ஈடு இட்லி வெந்து இறங்கும் நேரத்துக்குச் சரியாக வருவான். முதல் வியாபாரக் காசு கல்லாவில் விழுந்ததும் கையோடு போய்விடும்.

1,500 ரூபாய்தானே வட்டி, நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன், கணக்கு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். முதல் நாளிலிருந்தே அசலும் சேர்ந்து திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது, ஐம்பதாவது நாளில் பாதிப் பணம் இவரிடம் இல்லவே இல்லை, ஆனால் வட்டி முழுத் தொகைக்கும் பிடித்தாயிற்று. ஒழுங்காகக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி சுமார் 120 சதவீதம் வருகிறது. என் வீட்டுக்கடனுக்கு நான் ஒன்பது சதவீதத்துக்கும் குறைவாகக் கட்டுகிறேன். எனக்கு மாதச் சம்பளம் வருகிறது, மழை பெய்தாலும் வருகிறது. மழை பெய்தால் கடை போட முடியாத அக்கா கட்டுவது 120.

அக்காவிடம் இருப்பது மூன்று அட்டை. அப்படியென்றால் வட்டி மட்டும் நாளைக்கு 45 ரூபாய், வருஷத்துக்கு 16 ஆயிரத்துக்கு மேல். இதே பணம் வங்கியில் 12 சதவீதத்துக்குக் கிடைத்து, இதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியிருந்தால் வருஷ வட்டி இரண்டாயிரத்தைத் தாண்டாது. அவர் ரொம்ப நாளாக ஒரு பெரிய டில்டிங் கிரைண்டர் வாங்க ஆசைப்படுகிறார். வீட்டு கிரைண்டரில் நாலு ஈடாக மாவு ஆட்டி முடிப்பதற்குள் பிற்பகல் முழுக்கப் போய்விடுகிறது, அது இருந்தால் காலையிலும் கடை போடலாம், கூட ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்பார். கடையில் விசாரித்து விலையும் கேட்டு வைத்திருக்கிறார், 18 ஆயிரம். ஆறு வருஷமாக அந்த விலையை மட்டும் விசாரித்துக்கொண்டே இருக்கிறார், ஒவ்வொரு வருஷமும் கிட்டத்தட்ட ஒரு கிரைண்டரை அந்தப் பைக் பையனிடம் கொடுத்துக்கொண்டே.

இதை ஒரு அக்காவின் கஷ்டம் என்று மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. 2023-24க்கான அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் வேலை செய்கிறவர்களில் நூற்றுக்கு 58 பேருக்கு மேல் சுயதொழில் செய்கிறவர்கள். தள்ளுவண்டி, பூக்கூடை, தையல் மிஷின், கொஞ்சம் நிலம். ஸ்ரீபெரும்புதூரில் புது ஆலை வந்தால் தலைப்புச் செய்தி, எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்று பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் வாங்கப்படாமல் போன கிரைண்டர்கள், வைத்துக்கொள்ளாமல் போன ஒரு ஆள், திறக்காமல் போன காலைக் கடை, இதெல்லாம் ஊர் ஊராகக் கூட்டினால் எவ்வளவு வரும்? எந்தப் பட்ஜெட் உரையிலும் அந்தக் கணக்கு வருவதில்லை.

என் அம்மா பூ விற்றவர். 1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போன பிறகு, விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் கிளம்பி அங்கே போய் மல்லியும் கதம்பமும் வாங்கி வருவார், நாங்கள் எழுந்திருக்கும்போது வீடு முழுக்க ஈரத்துணி வாசனையும் பூ வாசனையும் கலந்து இருக்கும். சரக்கெடுக்கக் கையில் முதல் இருக்காது. விடியற்காலை 450 வாங்கினால் ராத்திரி 500ஆகத் திருப்பித் தர வேண்டும். ஒரு நாளைக்கு 50 ரூபாய் வட்டி. அம்மாவுக்கு நல்ல நாளிலேயே நூற்றைம்பதுதான் நின்றது என்றால், மூன்றில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். வருஷத்தில் முந்நூறு நாள் வியாபாரம் என்று வைத்தால் 15 ஆயிரம், அதுவும் வெறும் 450 ரூபாய்க்கு. நான்கு வருஷம் இப்படி ஓடியது. 60 ஆயிரம் ரூபாய் வட்டி. அந்தக் காலத்து 60 ஆயிரம். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு ஐநூறு ரூபாயைச் சேர்த்து வைத்திருந்தால் இதிலிருந்து வெளியே வந்திருக்கலாமே, ஏன் முடியவில்லை என்று கேட்பீர்கள். நானும் பெரியவனான பிறகு அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். சேரும், சேர்ந்த அன்றைக்கே ஏதாவது வரும் என்றார். அப்பா குடித்தார், தினமும் இல்லை, ஆனால் வீட்டில் காசு இருப்பது தெரிந்த நாளில் தவறாமல் குடித்தார். தம்பிக்கு டைபாய்டு வந்தது. எல்லாவற்றையும் விடப் பெரிய அடி அத்தை மகளின் மஞ்சள் நீராட்டு விழாவில் விழுந்தது. அப்பா தாய்மாமன். தாய்மாமன் சீர் இல்லாமல் சபையில் எப்படி நிற்பது? பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, ஒரு சின்ன மோதிரம், இருபத்தோரு தட்டு. அதற்கு ஐயாயிரம் தண்டல் எடுத்தார்கள். அந்த விழாவுக்கு வந்த பாதிப் பேரும் தண்டல் கட்டுகிறவர்கள், அவர்கள் வைத்த மொய்யும் தண்டல் பணம்தான். யாருமே கட்ட முடியாத சீரை எல்லாரும் எல்லாருக்கும் கட்டிக்கொண்டிருந்தோம், நிறுத்துகிறேன் என்று முதலில் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. இப்போதும் இல்லை. எங்கள் தெருவில் போன ஆவணியில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு மண்டப வாடகையே தண்டலில்தான் வந்தது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது, "பொண்ணுக்கு நீங்க போடுறத போடுங்க" என்கிற ஒரே வாக்கியத்தில் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

உடம்பு சரியில்லாமல் போவது இன்னொன்று. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் பரவாயில்லை, 2009இல் காப்பீட்டுத் திட்டமும் வந்தது, நான் மறுக்கவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் லோடு ஆட்டோவிலிருந்து விழுந்து கால் உடைந்தபோது ஆபரேஷனுக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் அவர் மூன்று மாதம் படுத்திருந்தார், கூட இருந்து பார்த்துக்கொண்டதில் அக்காவின் கடை ஒரு மாதம் இல்லை. அந்த நாட்களின் வருமானத்தை அந்தக் காப்பீடு தராது. இரண்டாவது அட்டை அப்படித்தான் வந்தது. மூன்றாவது அட்டை முதல் இரண்டையும் கட்ட.

வங்கிக்குப் போகக் கூடாதா என்றால், போனார். 2020 ஜூனில் மத்திய அரசு தெருவோர வியாபாரிகளுக்காக ஸ்வநிதி திட்டத்தைக் கொண்டுவந்தது. 2025 வரைக்கும் முதலில் பத்தாயிரம், அதை ஒழுங்காகக் கட்டினால் இருபதாயிரம், அப்புறம் ஐம்பதாயிரம், ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் 7 சதவீத மானியம். நல்ல திட்டம், மனதார சொல்கிறேன், எனக்குத் தெரிந்த இளநீர்க் கடைக்காரர் ஒருவர் அதில் மூன்று கட்டமும் வாங்கித் தலைநிமிர்ந்துவிட்டார். அக்கா போன கிளையில் முதல் தடவை ஆதாரில் போன் நம்பர் சேர்க்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவை சர்வர் வேலை செய்யவில்லை. மூன்றாவது தடவை சிபிலில், அதாவது யார் கடனை ஒழுங்காகக் கட்டினார்கள் என்று வங்கிகள் பார்க்கிற பதிவேட்டில், பாக்கி இருக்கிறது என்றார்கள். ஊரடங்கில் கட்ட முடியாமல் போன குழுக்கடன் அது. ஒரு நாள் போய் வங்கியில் நின்றால் அன்றைக்கு மாவு ஆட்ட முடியாது, மறுநாள் கடை இல்லை. மூன்று தடவை நின்றார், மூன்று நாள் வியாபாரம் போனது. 2014இல் ஜன்தன் கணக்கு வந்ததிலிருந்து ஐம்பது கோடிப் பேருக்கு மேல் கணக்கு திறந்திருக்கிறார்கள், அக்காவுக்கும் இருக்கிறது. கணக்கு கிடைத்தது, கடன் கிடைக்கவில்லை.

இதில் முகவரி வேறு. என்னோடு படித்தவன் ஒருவன், நல்ல சம்பளம், சம்பளச் சீட்டு எல்லாம் கையில். பைக் கடன் கேட்டபோது போனில் பேசியவர் எல்லா விவரத்தையும் வாங்கிக்கொண்டு, வியாசர்பாடி என்றதும் குரல் மாறி, "சார், அது நெகட்டிவ் ஏரியா" என்றாராம், அதாவது கடன் கொடுக்கத் தயங்குகிற இடம். தலித் மக்கள் அதிகம் வசிக்கிற இடம் அது என்பதைச் சென்னையில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாதியை நேரடியாகக் கேட்காமல் பின்கோடைக் கேட்டால் போதுமானதாக இருக்கிறது.

தண்டல்காரரை வில்லனாக்கிவிட்டால் எழுதுவது சுலபம். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குக் குழந்தைக்கு வலிப்பு என்றால் போன் செய்த பத்து நிமிஷத்தில் பணத்தோடு வருகிறவர் அவர்தான், பேப்பர் கேட்பதில்லை, முகவரி கேட்பதில்லை. அதனால்தான் ஜனங்கள் அவரிடம் போகிறார்கள், முட்டாள்தனத்தால் இல்லை. "இவங்களுக்குச் செலவு பண்ணத் தெரியல" என்று சொல்கிறவர்கள் மேல் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நூறு நாளும் ஒரு நாள் தவறாமல் கட்டுகிற ஒரு பெண்ணைவிட நாணயமான கடனாளியை எந்த வங்கி பார்த்திருக்கிறது?

அதே நேரம் கட்ட முடியாத நாளில் என்ன நடக்கும் என்பதும் தெரியும். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் வந்தது. அதற்குப் பதினான்கு வருஷம் கழித்து, 2017 அக்டோபரில், திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு குடும்பம், இரண்டு சின்னக் குழந்தைகளோடு, கந்துவட்டித் தொல்லை தாங்காமல் தீ வைத்துக்கொண்டது. அந்தப் படத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. கடன் வசூலில் மிரட்டுவதைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டமும் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் வேண்டும். ஆனால் வசூலிக்கிறவனைத் தடுத்தால் மட்டும் போதாது, மறுநாள் விடியற்காலை சரக்கெடுக்கப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கும் பதில் வேண்டும்.

அம்மாவுக்கு அந்தப் பதிலைத் தந்தது ஒரு குலுக்கல் சீட்டு. தெருவில் பத்துப் பெண்கள், வாரம் ஐம்பது ரூபாய். அம்மாவுக்கு நான்காவது வாரம் விழுந்தது. ஐநூறு ரூபாயை வீட்டுக்கே கொண்டுவராமல் பக்கத்து வீட்டு ஆயாவிடம் கொடுத்துவைத்துவிட்டு, மறுநாள் விடியற்காலை அங்கேயே வாங்கிக்கொண்டு நேராகக் கோயம்பேட்டுக்குப் போனார். அன்றைக்கு ராத்திரி யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. பாய் மேல் சில்லறையைக் கொட்டி எண்ணிவிட்டு, மறுபடியும் எண்ணினார். அன்றைக்கு எங்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்ததும் ஞாபகம் இருக்கிறது. அந்த வருஷமே என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திப் பட்டறையில் சேர்க்கிற பேச்சு நின்றது. தர்மபுரியில் 1989இல் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கியதும் ஏறக்குறைய இந்தச் சீட்டு மாதிரியான விஷயத்தை நம்பித்தான், பெண்கள் சேர்ந்தால் சேமிப்பார்கள், கட்டுவார்கள் என்று. பிற்பாடு அதே குழுவின் பெயரில் தனியார் கம்பெனிகள் வந்து, வாரத் தவணை கட்டாத பெண்ணின் வாசலில் மற்றப் பெண்களையே உட்கார வைத்தது வேறு கதை, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அக்காவின் மூன்று அட்டையையும் எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். எல்லாம் சேர்த்து இன்னும் 17,400 ரூபாய் பாக்கி. ஸ்வநிதியின் முதல் தவணையை 2025இல் பதினைந்தாயிரமாக உயர்த்தியிருக்கிறார்கள், கிடைத்தால் முக்கால்வாசிக்கு மேல் அடைந்துவிடும். பழைய குழுக்கடன் பாக்கி 2,300 ரூபாயை நான் கட்டிவிட்டேன், அக்கா அதை இட்லியில் கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். கட்டிய ரசீது, ஆதார், மாநகராட்சி கொடுத்த வியாபாரி அடையாள அட்டை, இரண்டு போட்டோ எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் பையில் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன், கூடப் போகிறேன். நேற்று ராத்திரி பார்சல் கட்டிக்கொண்டே அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மத்தியானத்துக்குள்ள வந்துடலாமில்ல தம்பி? மாவு ஆட்டணும்."