ஊழியத்தில் இருக்கும் மகளோடு வாரம் ஒரு முறை

எங்கள் மகள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் ஊழியக்காரியாகப் பிரேசிலில் இருக்கிறாள். எங்கள் சபையில் இளைஞர்கள் 24 மாதங்களும் இளம்பெண்கள் 18 மாதங்களும் இவ்வாறு ஊழியம் செய்கிறார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. எந்த நாட்டுக்குப் போகவேண்டும் என்பதை அவர்கள் தாங்களாகத் தேர்ந்துகொள்வதில்லை. இடையில் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துபோகும் வழக்கமும் இல்லை. ஆகவே அவள் எப்படி இருக்கிறாள் என்று நாங்கள் அறிந்துகொள்வதெல்லாம் மின்னஞ்சல் வழியாகவும், வாரத்தில் ஒரு நாள் வரும் வீடியோ அழைப்பின் வழியாகவும்தான்.

2019 பிப்ரவரி வரை இந்த வாராந்தர அழைப்புகூடக் கிடையாது. பொதுவாகக் கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்தன்றும் மட்டுமே பிள்ளைகளின் குரலைக் கேட்க முடியும். மற்றபடி கடிதமும் மின்னஞ்சலும்தான். இப்போது ஒவ்வொரு வாரமும், துணி துவைப்பதற்கும் சாமான் வாங்குவதற்கும் ஒதுக்கப்பட்டிருக்கும் ஆயத்த நாளில், அவர்கள் வீட்டாரோடு பேசலாம். ஆனால் எல்லா வாரமும் பேசியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எத்தனை முறை பேசுவது என்பதைச் சபை ஊழியக்காரரின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. அழைக்க வேண்டியவளும் அவள்தான், நாங்கள் அல்ல. அழைப்பு வராத வாரத்தில் என் மனைவி படும் தவிப்பை நான் அறிவேன். ஆனாலும் இந்த ஏற்பாடு சரியானது என்றே நினைக்கிறேன். அவள் தன் பொழுதைத் தானே ஆளக் கற்றுக்கொள்ளும் வயதில் இருக்கிறாள். எங்கள் ஏக்கம் அவளுடைய நாளைத் தீர்மானிக்கக் கூடாது.

அவளுக்குக் காலையாக இருக்கும்போது எங்களுக்கு இரவு. முகம் திரையில் தெரிந்தவுடன் எந்தப் பெற்றோருக்கும் வாயில் வருவது, சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயே, வீட்டு நினைவாகவே இருக்கிறதா என்ற கேள்விகள்தான். இவற்றில் கடைசிக் கேள்வியை நாங்கள் கேட்பதில்லை. நன்றாக இருக்கும் பிள்ளையையும் அது கலங்க வைக்கும். கலங்கியிருக்கும் பிள்ளையோ கேட்காமலேயே சொல்லிவிடும். அதற்குப் பதிலாக, இந்த வாரம் யாரைச் சந்தித்தாய், போன வாரம் சொன்னாயே அந்தப் பாட்டி, அவர் ஜெபக்கூட்டத்துக்கு வந்தாரா என்று கேட்கிறோம். அப்போதுதான் அவள் குரல் மாறுகிறது. கதவைத் திறக்காமலேயே திருப்பி அனுப்பியவர்களைப் பற்றியும், வேலை இழந்த கவலையில் இருந்தபோதும் தங்களை உட்காரவைத்துப் பேசிய ஒரு தகப்பனைப் பற்றியும், போர்ச்சுகீசிய மொழியில் ஜெபம் செய்யும்போது இப்போதெல்லாம் நாக்கு தடுமாறுவதில்லை என்பதைப் பற்றியும் அவள் சொல்லிக்கொண்டே போவாள். வீட்டில் இருந்தவரை நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்பட்ட பெண் அவள். அந்த மனிதர்களின் பெயர்களை என் மனைவி ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அவர்களுக்காகவும் ஜெபிக்கிறாள். மறுவாரம் அந்தப் பெயரைச் சொல்லி விசாரிக்கும்போது மகளுக்கு உண்டாகும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

வீட்டுச் செய்திகளில் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதுதான் கடினமான பகுதி. தூரத்தில் இருக்கும் பிள்ளையிடம் கெட்ட செய்தியைச் சொல்லக் கூடாது என்று எங்கள் உறவினர் பலர் உறுதியாக நம்புகிறார்கள். என் தாயார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோதும் அந்த அறிவுரை வந்தது. நாங்கள் சொல்லிவிட்டோம், என்ன நோய், மருத்துவர் என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் தெளிவாகச் சொன்னோம். அவள் அழுதாள். பிறகு பாட்டியிடம் பேச வேண்டும் என்றாள், பேசினாள், அன்று மாலையே ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போய்விட்டாள். வளர்ந்த பிள்ளையிடம் உண்மையை மறைத்தால், அதன் பிறகு நாம் 'எல்லாரும் நலம்' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவள் சந்தேகப்பட வேண்டியிருக்கும். பெற்றோருக்கிடையிலான சின்னச் சின்ன மனத்தாங்கல்களையும் பணக்கவலையையும் மட்டும் நாங்கள் அவளிடம் கொண்டுபோவதில்லை. அவற்றைக் கேட்டு அவளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

ஊழியக்காரர்கள் தனியே நடமாடுவதில்லை. துணை ஊழியர் ஒருவர் எப்போதும் கூடவே இருப்பார். இப்போது எங்கள் மகளோடு இருக்கும் பெண்ணின் குடும்பத்தில் வேறு யாரும் எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை. அவள் ஊழியத்துக்கு வந்ததில் அவர்களுக்கு மனவருத்தமும் உண்டு என்று மகள் சொன்னாள். எனவே அழைப்பு முடியும் தறுவாயில் அந்தப் பெண்ணையும் திரைக்கு முன் வரச் சொல்லி, அவளிடமும் இந்த வாரம் எப்படிப் போயிற்று என்று விசாரிக்கிறோம். எங்களுக்கு அவள் மொழி தெரியாது; மகள்தான் இடையில் நின்று எடுத்துச் சொல்கிறாள். போன அழைப்பில் அவள் தன் தாயாரின் படத்தை எங்களிடம் காட்டினாள், அவருக்காக ஜெபிக்கும்படி கேட்டாள். நோட்டில் அந்தத் தாயாரின் பெயரும் இப்போது இருக்கிறது.